இதழ் மின்காப்பகங்களும் சமூகப் பெயர்களின் சொல்வரலாறும்: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

ஒரு சொல் எப்போது வழக்கிற்கு வந்தது, யாரால் ஆளப்பட்டது, எச்சூழலில் பொருள் மாறியது என்னும் வினாக்களுக்கு விடை காண நாளிதழ்களும் வார இதழ்களும் பெருந்துணை புரிவன. ஆயினும் தமிழ்ச் சொல்வரலாற்று ஆய்வில் அவற்றிற்கு உரிய இடம் நெடுங்காலம் தரப்படவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924-1936, பிற்சேர்க்கை 1939) தன் மேற்கோள்களைப் பெரும்பாலும் இலக்கியம், நிகண்டு, கல்வெட்டு ஆகியவற்றிலிருந்தே எடுத்துக்கொண்டது. இதழ்த் தமிழைத் தேடிப் படிப்பதென்றால் நூலகத்தின் கட்டுத்தொகுதிகளையோ நுண்படச்சுருள்களையோ நாள்தோறும் புரட்டுவதைத் தவிர வேறு வழியும் அன்று இல்லை.

இந்நிலை இன்று மாறியுள்ளது. 2005இல் தொடங்கப்பெற்ற ஈழத்து நூலகத் திட்டம், சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்க் காப்பகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலியவற்றால் பழைய இதழ்ப் பக்கங்கள் கணிப்பொறித் திரையில் காணத்தக்கவையாகியுள்ளன. பல சமூகத்தாரின் இதழ்கள் ஒரே மேசையில் கிடைப்பது இதற்கு முன் இல்லாத வாய்ப்பாகும்.

வாய்ப்புப் பெருகும்போது முறையியல் எச்சரிக்கையும் பெருகவேண்டும். தேடற்கட்டத்தில் ஒரு சொல்லை இட்டு, வந்த முதல் ஆண்டையே அச்சொல்லின் தோற்ற ஆண்டு எனக் கொள்ளும் போக்கு ஆய்வேடுகளிலும் மொழிபெயர்ப்பு முன்னுரைகளிலும் தலைகாட்டத் தொடங்கியுள்ளது. காப்பகத்தில் ஒரு சொல் அகப்படவில்லை என்பது மொழியில் அச்சொல் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அகப்பட்ட இதழே அச்சொல்லின் பிறப்பிடம் என்றும் ஆகாது. தம் இதழ்களைக் காத்துவைக்க வசதியற்றிருந்த சமூகங்களின் சொல்லாக்கப் பங்கு இத்தகைய முடிவுகளால் பிறர் கணக்கில் சேர்ந்துவிடும். இக்கருத்தை ஐதராபாத்தையும் சென்னையையும் இணைக்கும் ஒரு பெயர்வரிசையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. காப்பகமும் தரவுத்தொகுதியும்

மொழியியலார் 'தரவுத்தொகுதி' என்று கூறுவதும் நூலகத்தார் 'காப்பகம்' என்று கூறுவதும் ஒன்றல்ல. தரவுத்தொகுதி ஒரு நோக்கத்திற்காக, இன்ன காலம், இன்ன வகை, இன்ன அளவு என்ற வரையறையோடு தொகுக்கப்படுவது. அதில் ஒரு சொல்லின் எண்ணிக்கையைக் கூறினால் அவ்வெண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. காப்பகமோ எஞ்சியவற்றின் தொகுப்பு. யார் சேர்த்தார்கள், எது கறையானுக்கும் ஈரத்திற்கும் தப்பியது, எதற்கு நிதி கிடைத்தது என்பனவே அதன் அளவைத் தீர்மானிக்கின்றன.

தமிழிதழ்களில் இவ்வேறுபாடு வெளிப்படையானது. 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயரால் தொடங்கப்பெற்று 1899இல் நாளிதழான சுதேசமித்திரனுக்குச் சந்தாதாரர் இருந்தனர், விளம்பரம் இருந்தது, நூலகங்கள் வாங்கிக் கட்டின. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழுக்கோ, அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் பெயரில் இராயப்பேட்டையிலிருந்து வெளியிட்டுப் பின்னர்த் 'தமிழன்' எனப் பெயர் மாற்றிய வார இதழுக்கோ அவ்வசதிகள் இருந்ததில்லை. 'தமிழன்' எழுத்துகளில் பெரும்பகுதியை இன்றைய வாசகர் அறிவது ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999 முதல் வெளிவந்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகள் வழியாகவே. அரிய தொண்டாகிய அத்தொகுப்பு பொருள் அடிப்படையில் அமைந்தது. எனவே ஒரு கட்டுரைக்கு அருகில் எந்த வாசகர் கடிதம் இருந்தது, எந்த அறிவிப்பு எந்தச் சொல்லை ஆண்டது என்பவற்றை அறிய மூல இதழ்ப் பக்கமே வேண்டும். சொல்வரலாற்றாளருக்குத் தலையங்கத்தைக் காட்டிலும் இக்கடிதங்களும் அறிவிப்புகளுமே பல சமயம் பயன்மிக்கவை. ஆசிரியர் ஆக்கிய சொல் வாசகர் நாவில் ஏறியதா என்பதை அவையே காட்டும்.

3. ஐதராபாத்: பன்மொழி இதழ்ச் சூழல்

ஐதராபாத் இவ்வாய்விற்குத் தக்க களமாகும். 1948 செப்டம்பர் வரை நிஜாம் ஆட்சியிலிருந்த ஐதராபாத் அரசில் ஆட்சிமொழி உருது. மக்கள் மொழிகள் தெலுங்கு, மராத்தி, கன்னடம், உருது. சிக்கந்தராபாத் படைப்பாளையத்தைச் சார்ந்து தமிழரும் வாழ்ந்தனர். உருதுவில் ரஹ்பரே தக்கன் முதலிய நாளிதழ்களும், தெலுங்கில் சுரவரம் பிரதாபரெட்டியை ஆசிரியராகக் கொண்டு 1926இல் தொடங்கிய கோல்கொண்டா பத்திரிகையும் வெளிவந்தன. ஷோயபுல்லாகான் நடத்திய இம்ரோஸ் என்னும் உருது நாளிதழ், 1948 ஆகஸ்டில் அவர் கொல்லப்படும் வரை ஓராண்டும் நிறைவுறாத காலமே நடந்தது. அரசியல் சொல்லாட்சியை ஆராய்வார்க்கு அச்சில மாதங்கள் இன்றியமையாதவை. எண்ணிக்கையை மட்டும் நோக்கும் தேடலில், பல்லாண்டு நடந்த இதழ்களுக்கிடையே அவை காணாமற்போகும்.

சொல்லாக்க வரலாற்றிலும் இந்நகர் தனி இடம் பெற்றது. உஸ்மானியாப் பல்கலைக்கழகம் 1918இல் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு அமைந்தபோது, அதற்குப் பாடநூல் தரும்பொருட்டு முந்திய ஆண்டே 'தாருல் தர்ஜுமா' என்னும் மொழிபெயர்ப்பகம் நிறுவப்பட்டது. தமிழில் 1916இல் சேலத்தில் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கலைச்சொல் பணியைத் தொடங்கியதோடு இதனை ஒப்பிடலாம். மொழிபெயர்ப்பகத்தின் பட்டியல் எந்தச் சொல் ஆக்கப்பட்டது என்று கூறும்; எது நிலைத்தது என்பதை இதழ்களே கூறும்.

இவ்விதழ்கள் ஓரிடத்தில் இல்லை. அப்சல்கஞ்சிலுள்ள மாநில மைய நூலகம் (1891இல் ஆசபியா நூலகமாகத் தொடங்கியது), சுல்தான் பஜாரில் 1901இல் நிறுவப்பட்ட ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம், 1931இல் அமைந்த இதாரயே அதபியாத்தே உருது, தார்நாக்கா ஆவணக்காப்பகம் எனச் சிதறியுள்ளன. அப்துல் சமத்கான் என்னும் தனிமனிதர் அரும்பாடுபட்டுச் சேர்த்த உருது நூல், இதழ்த் தொகுப்பு பின்னர்ச் சுந்தரய்யா விஞ்ஞான கேந்திரத்தில் இடம்பெற்றது. 2000 ஆகஸ்டில் ஐதராபாத்தைத் தாக்கிய வெள்ளம் கட்டடத்தினுள் புகுந்து அத்தொகுப்பை நனைத்தது. சிகாகோ பல்கலைக்கழகம் முதலியவற்றின் ஒத்துழைப்போடு மீட்பும் படமெடுப்பும் நடைபெற்றன. இன்று திரையில் தோன்றும் ஒரு பக்கத்தின் பின்னே இத்தகைய வரலாறு உள்ளது. ஓர் ஆண்டின் இதழ்கள் காப்பகத்தில் குறைவாக இருப்பின் அது மொழியின் குறையா, நீரின் செயலா என்று ஆய்வாளர் முதலில் கேட்கவேண்டும்.

4. 'ஆதி' அடைபெற்ற பெயர்கள்

இனி எடுத்துக்காட்டிற்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்கள் தமக்கு இடப்பட்டிருந்த பெயர்களை மறுத்துத் தாமே தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டனர். அப்பெயர்களில் பல 'ஆதி' என்னும் அடையைக் கொண்டவை: தமிழில் ஆதி திராவிடர், தெலுங்கில் ஆதி ஆந்திரர், கன்னடத்தில் ஆதி கருநாடகர், ஐதராபாத்திலும் ஐக்கிய மாகாணத்திலும் ஆதி இந்து, பஞ்சாபில் ஆத் தர்மம். பெயர்கள் வேறு, ஆக்கமுறை ஒன்று. நிலத்திற்கோ இனத்திற்கோ உரிய பெயருக்கு முன் முதன்மையைக் குறிக்கும் அடை சேர்கிறது. தாழ்வைக் குறித்த பெயரின் இடத்தில் உரிமையைக் குறிக்கும் பெயர் வந்து அமர்கிறது.

ஐதராபாத்தில் இவ்வியக்கத்தை நடத்தியவர் பாக்கியரெட்டி வர்மா (1888-1939). அவர் 1906இல் ஜகன்மித்திர மண்டலியை அமைத்தார். 1917இல் பெசவாடாவில் 'பஞ்சமர்' மாநாடாகக் கூட்டப்பட்ட அவை அவர் தலைமையில் 'ஆதி ஆந்திர' மாநாடு எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 1931இல் பாக்கியநகர் பத்திரிகை என்னும் தெலுங்கு இதழை அவர் தொடங்கினார். சென்னை மாகாணத்தில் 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, 'பஞ்சமர்', 'பறையர்' என்பவற்றிற்கு மாற்றாக 'ஆதி திராவிடர்', 'ஆதி ஆந்திரர்' ஆகிய பெயர்களை அரசு ஏற்றது.

ஓர் ஆய்வாளர் இப்பெயர்களின் வரலாற்றை மின்காப்பகத்தில் தேடுகிறார் எனக் கொள்வோம். ஆங்கில நாளிதழ்களில் தேடல் எளிது; அங்கு 1922ஐ ஒட்டிய சட்டமன்றச் செய்திகள் மிகுதியாக வரும். பெருந்தமிழ் நாளிதழ்களிலும் அரசாணையை ஒட்டியே இப்பெயர் அடர்ந்து தோன்றும். இவற்றைக் கொண்டு 'இது சட்டமன்றத்தில் பிறந்த ஆட்சிச்சொல்' என்று முடிவு கட்டுதல் எளிது. அம்முடிவு பிழையானது. அரசு ஏற்றது இயக்கத்தார் ஏற்கெனவே தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரை. அதனைப் பரப்பியவை அவர்களுடைய மாநாடுகளும் விண்ணப்பங்களும் சிற்றிதழ்களும். சொல்லின் பிறப்பிற்குச் சான்றான அவ்விதழ்களே காப்பகங்களில் அரியவை. சொல்லின் ஏற்புக்குச் சான்றான இதழ்களே நிறைந்தவை. ஏற்பைப் பிறப்பாகக் கொள்ளும்போது பெயரைப் பெற்றவர்கள் அரசிடமிருந்து அதனைப் பெற்றார்கள் என்றாகிவிடுகிறது. ஒரு சமூகத்தின் மொழிச்செயல் அரசின் கொடையாகத் திரிவதற்குத் தேடற்கருவி துணைபோகிறது.

5. தேடலைத் தடுக்கும் மொழியியற் காரணங்கள்

இதழ் காப்பகத்தில் இருந்தும் சொல் அகப்படாமற் போவதுண்டு. அதற்கான காரணங்கள் மூன்று வகையின.

5.1 வரிவடிவம்

பக்கப் படிமத்தைக் கணிப்பொறி தேடத்தக்க எழுத்தாக மாற்றும் ஒளியெழுத்துணர் நிரல் இன்றைய வரிவடிவத்தில் பயின்றது. பெரியார் 1935 ஜனவரியில் குடிஅரசு இதழில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்தினார். தமிழ்நாட்டரசு அதன் பெரும்பகுதியை 1978இல் ஏற்றது. அதற்கு முந்திய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகள் கொம்பும் சுழியும் கொண்ட வேறு வடிவின. 'சென்னை' என்னும் ஊர்ப்பெயரே பழைய அச்சில் நிரலுக்குப் புதிய உருவாகத் தோன்றும். இவ்வெழுத்துகளை உடைய சொற்கள் பிழையாக உணரப்படும்; தேடலில் வாரா.

இதன் மறுதலையும் நோக்கத்தக்கது. நிரல் திருந்தப் பயின்று பழைய வடிவையும் சரியாக உணர்ந்தால், இரண்டையும் ஒரே குறியீடாகவே பதிவு செய்யும்; ஒருங்குறியில் அவ்விரண்டிற்கும் குறியீடு ஒன்றே. அப்போது எந்த இதழ் எந்த ஆண்டில் புதிய வடிவிற்கு மாறியது என்ற எழுத்தியல் வினாவிற்கு எழுத்துப் பதிவில் விடை இராது, படிமத்தையே நோக்கவேண்டும். மேலும், அரசு ஏற்காத 'அய்', 'அவ்' எழுத்துமுறையைத் திராவிட இயக்க இதழ்கள் ஆண்டுவந்தன. 'ஐரோப்பா' எனத் தேடுபவர்க்கு 'அய்ரோப்பா' கிட்டாது.

வரிவடிவச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஐதராபாத்தின் பழைய உருது இதழ்கள் நஸ்தாலிக் எழுத்தில், எழுத்தர் கையால் எழுதிக் கல்லச்சில் ஏற்றப்பட்டவை. எழுத்துகள் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அம்முறையில், எழுத்தர்க்கு எழுத்தர் கையும் வேறுபடும். நிரலின் திறன் மேலும் குறையும். அரபுத்தமிழில் அச்சான இதழோ மொழியால் தமிழ், எழுத்தால் அரபு. தமிழெழுத்தில் தேடுவோர்க்கு அது இல்லாததே. மொழிப்பெயரை எழுத்தைக் கொண்டு தீர்மானிக்கும் நூற்பட்டியலில் தமிழிதழ் என்ற பெயரையும் அது இழக்கும்.

5.2 புணர்ச்சியும் சொற்பிரிப்பும்

'ஆதி திராவிடர்' என்னும் பெயரே ஆதி திராவிடர், ஆதிதிராவிடர், ஆதித்திராவிடர், ஆதி-திராவிடர் என நான்கு வகையாக எழுதத்தக்கது. வல்லெழுத்து மிகுமா மிகாதா என்பது இலக்கண வினா மட்டுமன்று. தேடலில் அது ஒரு சான்று கிட்டுமா கிட்டாதா என்னும் வினாவாகிறது. இதன்மேல் வேற்றுமையும் இடைச்சொல்லும் ஏறி 'ஆதிதிராவிடர்களுக்கும்', 'ஆதித்திராவிடரையே' என நீளும். பழைய இதழ்களின் குறுகிய பத்தியில் சொல் வரியிறுதியில் இணைப்புக்குறி இன்றி முறியும். 'ஆதிதிரா' ஒரு வரியிலும் 'விடர்' மறுவரியிலும் நிற்கும். முழுச்சொல்லைத் தேடும் கருவிக்கு இவையெல்லாம் வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்திற்கு அமைந்த தேடல்முறையை ஒட்டுநிலை மொழிக்கு அப்படியே கொண்டுவருவதன் விளைவு இது. தமிழ் உருபனியற் பகுப்பியைத் தேடலோடு இணைக்கும்வரை, தமிழ் இதழ்களின் எண்ணிக்கையை ஆங்கில இதழ்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது முறையாகாது.

5.3 ஒலிபெயர்ப்பு

பல சமூக இதழ்களை ஒருங்கு ஆராய்வோர் பெயர்ச்சொல்லைப் பல எழுத்துமுறைகளில் தொடரவேண்டும். பாக்கியரெட்டி வர்மாவின் பெயரைத் தமிழில் பாக்கியரெட்டி, பாக்யரெட்டி, பாக்கிய ரெட்டி எனப் பலவாறு எழுதலாம். தமிழ் எழுத்து ஒலிப்புடைய ஒலியையும் ஒலிப்பிலா ஒலியையும் வேறுபடுத்துவதில்லை. உருது எழுத்து குற்றுயிரைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆங்கில இதழ்களோ தத்தம் மனம்போல் எழுதின. ஒரு மனிதர் பத்து எழுத்துக்கோவைகளாகப் பிரிந்து நிற்கும்போது, நூலகத்தின் பெயர்த்தரக் கோப்பு இப்பத்தையும் ஒன்றோடொன்று பிணைத்தாலன்றி அவர் பணி சிதறிய துணுக்குகளாகவே தோன்றும்.

6. 'தாழ்ந்த' - 'தாழ்த்தப்பட்ட': மொழிபெயர்ப்பாளர்க்குரிய சான்று

இவ்வளவு தடைகள் இருந்தும் இதழ்க் காப்பகங்களைக் கைவிட இயலாது. அவற்றால் மட்டுமே விடை காணத்தக்க வினாக்கள் உள என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காட்டலாம்.

ஆங்கில ஆட்சியில் 'டிப்ரஸ்டு கிளாஸஸ்' என்பது அலுவலகச் சொல்லாக வழங்கியது. ஆங்கிலத்தில் இவ்வெச்ச அடை நிலையையும் குறிக்கலாம். பிறர் செயலின் விளைவையும் குறிக்கலாம். தமிழில் பெயர்ப்பவர் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். 'தாழ்' என்னும் தன்வினையிலிருந்து 'தாழ்ந்த வகுப்பார்' எனலாம். அப்போது தாழ்வு அவர்தம் இயல்பாகிறது. 'தாழ்த்து' என்னும் பிறவினையின் செயப்பாட்டு வடிவிலிருந்து 'தாழ்த்தப்பட்ட வகுப்பார்' எனலாம். அப்போது தாழ்த்தியவர் ஒருவர் உளர் என்பது பெறப்படுகிறது. வினைமுதல் சொல்லப்படாவிடினும் செயப்பாட்டு வினை அதனை உள்ளடக்கி நிற்கும். இரண்டு எழுத்துகளின் வேறுபாடன்று இது. குற்றம் யாரிடத்தது என்பதைப் பற்றிய வேறுபாடு.

ஐதராபாத் உருது வழக்கில் இதே கருத்திற்குப் 'பஸ்த் அக்வாம்' என்னும் தொடர் ஆளப்பட்டது. 'பஸ்த்' பாரசீக அடை. தாழ்வான என்பது பொருள். 'அக்வாம்' அரபுப் பன்மை. இது நிலையைக் கூறுவது, செயலைக் கூறுவதன்று. தெலுங்கில் 'நிம்ன ஜாதுலு' என்பதும் அவ்வாறே. அம்மொழிகளில் செயப்பாட்டு ஆக்கம் இயலாததன்று. தேர்வு வேறாக அமைந்தது. மொழியின் இலக்கணம் வழிகளைத் திறந்துவைக்கிறது. எவ்வழியில் சென்றனர் என்பதை வழக்கே காட்டும்.

தமிழில் 'தாழ்ந்த' என்பது எந்த இதழ்களில், எப்போது, யார் எழுத்தில் 'தாழ்த்தப்பட்ட' என்பதற்கு இடம் விட்டது என்பது இலக்கண நூலாலோ அகராதியாலோ விடுக்கத்தக்க வினாவன்று. சொல்லைத் தேடுவதைக் காட்டிலும் நாளைத் தேடும் முறை இதற்கு ஏற்றது. 1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகம் ஒன்றே; மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்களை ஒதுக்கிய அச்செய்தி செய்தி நிறுவனங்களின் தந்திகள் வழியாக எல்லா இதழ்களையும் அடைந்தது. அவ்வாரத்துச் சுதேசமித்திரன், குடிஅரசு, 1930இல் கொழும்பில் தொடங்கிய வீரகேசரி, ஐதராபாத்தின் உருது, தெலுங்கு இதழ்கள் ஆகியவற்றின் பக்கங்களை அருகருகே வைத்துப் படித்தால், ஒரே மூலத்தை ஒரே வாரத்தில் பல கைகள் பெயர்த்த நிலையைக் காணலாம். மொழிபெயர்ப்பாய்வாளர் திட்டமிட்டு அமைத்தாலும் கிட்டாத சோதனை இது. தேடற்கருவியின் துணையின்றிப் படிமத்தைப் படித்தே செய்யத்தக்கது என்பதால் மேலே கூறிய தடைகளும் இதனைத் தாக்கா. ஓர் இதழின் செய்திப்பத்தி ஒரு சொல்லையும், அதே இதழின் தலையங்கமோ வாசகர் கடிதமோ மற்றொரு சொல்லையும் ஆள்கின்றனவா என்பதையும் இம்முறையால் மட்டுமே அறிய இயலும்.

7. மொழிபெயர்ப்பில் எஞ்சிய இதழ்கள்

மூல இதழ் கிடைக்காதவிடத்து ஆய்வாளர் நாடுவது, ஆங்கில அரசு சுதேச இதழ்களைக் கண்காணிக்கும்பொருட்டுத் தன் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு எழுதுவித்த இதழ்ச் சுருக்க அறிக்கைகளை. சென்னை மாகாணத்திற்குரியவை தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ளன. ஆங்கிலத்தில் அச்சானவை ஆதலின் தேடலுக்கு மிக எளியவை. எளிமையே இங்கு இடராகிறது.

அவ்வறிக்கைகள் உளவு நோக்கில் எழுந்தவை. அரசுக்கு எதிரானவை, கலகத்திற்கு ஏதுவானவை, வேண்டுகோள்கள் ஆகியவற்றைத் தேர்ந்து சுருக்கின. நீண்ட கட்டுரை மூன்று வரியாகும். அம்மூன்று வரியின் சொற்கள் மொழிபெயர்ப்பாளருடையவை. 'பறையா' என்று அறிக்கையில் இருப்பின், மூலத்தில் பறையர் என்றிருந்ததா, பஞ்சமர் என்றிருந்ததா, திராவிடர் என்றிருந்ததா என்பதை அவ்வறிக்கையிலிருந்து மீட்க இயலாது. எனவே இவ்வறிக்கைகள் கருத்து வரலாற்றிற்குச் சான்றாகலாம், சொல்வரலாற்றிற்குச் சான்றாகா. இதனைத் தமிழில் மறுபடி பெயர்த்து, அப்பெயர்ப்பையே அக்கால இதழின் கூற்றாக மேற்கோள் காட்டுவது பெரும்பிழை. ஆங்கிலவழித் தமிழாக்கம் என்ற குறிப்பேனும் அருகில் இருத்தல் வேண்டும்.

8. சில பரிந்துரைகள்

மேற்கண்டவற்றால் ஆய்வாளர்க்கும் நூலகத்தார்க்கும் சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, இதழ்ச்சான்று காட்டும் ஒவ்வொரு ஆய்வும் தான் பயன்படுத்திய காப்பகத்தை விளக்கவேண்டும். எந்த இதழ்கள், எந்த ஆண்டுகள், இடையில் விடுபட்ட நாள்கள் எவை, தேடியது எழுத்துப் பதிவையா படிமத்தையா, என்னென்ன சொல்வடிவங்களைத் தேடினார் என்பன கூறப்படாத நிலையில் 'முதல் ஆட்சி' என்னும் கூற்றை ஏற்கலாகாது. 'கிடைத்தவற்றுள் முந்தியது' என்பதே பொருந்தும்.

இரண்டாவது, காப்பகங்கள் இருப்புப் பட்டியலோடு இல்லாப்பட்டியலையும் வெளியிடவேண்டும். ஓர் இதழின் பன்னிரண்டு ஆண்டுகளுள் மூன்றே உள்ளன என்பது தேடலின் முடிவோடு சேர்ந்தே திரையில் தோன்றவேண்டும். ஆய்வுத்துணை நூலகர் இதனை வாசகர்க்கு முதலில் எடுத்துரைப்பது கடமையாகும்.

மூன்றாவது, சொல்வடிவ வேறுபாட்டு அகராதி ஒன்று தேவை. வல்லெழுத்து மிகுந்ததும் மிகாததும், கிரந்த எழுத்துடையதும் இல்லாததும், ஐகார அய்கார வடிவங்களும் ஒரே தேடலில் வரும்படி அது அமையவேண்டும். இது மொழியியலாரும் கணிப்பொறியாளரும் கூடிச் செய்யத்தக்கது. திருத்திய எழுத்துப் பதிவோடு, மூலத்தில் உள்ளவாறே எழுதிய பதிவும் காக்கப்படவேண்டும். திருத்தம் வசதிக்காகவே, சான்றிற்காகவன்று.

நான்காவது, பிறமொழி இதழறிவு. தமிழ்ச் சமூகப் பெயர்களின் வரலாறு தமிழிதழ்களுக்குள் முடிவதன்று. பெசவாடாவில் நிகழ்ந்த ஒரு பெயர்மாற்றம் சென்னையின் அரசாணையில் எதிரொலிக்கிறது. முன்னைய ஆந்திரப் பிரதேசப் பத்திரிகை அகாதெமி பழைய தெலுங்கு இதழ்களைப் படிமங்களாக்கி இணையத்தில் இட்ட முயற்சி இவ்வகையில் தமிழாய்வாளர்க்கும் பயன்படுவதே. தெலுங்கோ உருதுவோ படிக்க அறிந்த தமிழாய்வாளர் சிலரேனும் உருவாகவேண்டும்.

இறுதியாக, படிமமாக்கம் முடிந்தவுடன் தாளிதழ்களைக் கழிக்கும் எண்ணம் தவிர்க்கப்படவேண்டும். இன்றைய நிரல் படிக்கத் தவறியதை நாளைய நிரல் படிக்கலாம். மங்கலாக எடுத்த படிமத்தை மீண்டும் எடுக்க மூலம் வேண்டும். வீடுகளிலும் சங்கங்களிலும் சிறு கட்டுகளாக எஞ்சியுள்ள சமூகச் சிற்றிதழ்களை, உடையவர் இசைவோடு, அவர்தம் பெயரைக் குறித்துப் படமெடுத்து மூலத்தை அவரிடமே திருப்பித் தரும் முறை பரவலாக்கப்படவேண்டும்.

9. முடிவுரை

இதழ் மின்காப்பகங்கள் தமிழ்ச் சொல்வரலாற்று ஆய்விற்குக் கிடைத்துள்ள பெருஞ்செல்வம். ஆனால் அவை மொழியின் நேர்பிரதி அல்ல. எஞ்சியவற்றின் தொகுப்பு, அதிலும் கருவி படித்தறிந்தவற்றின் தொகுப்பு. 'ஆதி' அடைபெற்ற பெயர்களின் வரலாறு, சொல்லை ஆக்கியோர் இதழ்கள் அருகிச் சொல்லை ஏற்றோர் இதழ்கள் பெருகிய நிலையில் தேடல் எங்ஙனம் பிறழ்ந்து காட்டும் என்பதைப் புலப்படுத்துகிறது. 'தாழ்ந்த', 'தாழ்த்தப்பட்ட' என்னும் வடிவங்களின் வேறுபாடு, நாள்வாரியாகப் படிமத்தைப் படிப்பதன் பயனைப் புலப்படுத்துகிறது.

வருங்காலத்தில் தமிழுக்கு வரலாற்று முறை அகராதி ஒன்று எழுமாயின், அதன் மேற்கோள்களில் பெரும்பங்கு இம்மின்காப்பகங்களிலிருந்தே எடுக்கப்படும். அவ்வகராதியில் ஒரு சொல்லின் எதிரே எந்த ஆண்டும் எந்த இதழின் பெயரும் பொறிக்கப்படும் என்பது இன்று நாம் எவ்விதழ்களைத் தேடிக் காக்கிறோம், எம்முறையில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்ட மக்களின் இதழ்கள் அம்மேற்கோள் வரிசையில் இடம்பெற வேண்டுமாயின், அவற்றைத் தேடிச் சேர்க்கும் பணியை அகராதிப் பணியின் முதற்கட்டமாகவே கொள்ளுதல் வேண்டும்.